முனகல் நின்ன நேரம்

பெட்டியோட முனகல் நின்னுச்சு, அப்பத்தான் கோமதி புஸ்தகத்துல இருந்து நிமிந்தா. கதவுக்கு மேல ஆணியடிச்சு மாட்டியிருக்க பழைய மரப்பெட்டி அது. முன்பக்கம் சாக்கு நெறத்துல ஒரு துணி, துணிக்குப் பின்னால ஸ்பீக்கர், செவுத்தோட ஒட்டிக் கீழ எறங்கிப் போற ரெட்டை வயர். இந்த லேடீஸ் ஹாஸ்டல்ல ரூமுக்கு ஒண்ணு உண்டு. கீழ ஆபீஸ் ரூமுல வார்டன் அமலோற்பவம் மிஸ் மைக்கப் புடிச்சா எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்துல வாயத் தொறக்கும். சாப்பாடு ரெடி. மோட்டார் போடப்போறாங்க, வாளிய வைங்க. இன்னாருக்கு விசிட்டர். மொட்டமாடிச் செவுத்துல உள்பாவாடை காயப்போட்டது யாரு. பேசாத நேரத்துலயும் அது சும்மா இருக்காது, ங்ங்ங்னு முனகிக்கிட்டே கெடக்கும். ஃபேன் சத்தம் மாதிரி, இருக்குங்கதே மறந்து போற சத்தம். நின்னாத்தான் தெரியும். எறங்கும்போது இன்னொரு படி இருக்குன்னு நெனச்சுக் கால வச்சா தரை வந்துருமே, அந்த மாதிரி காது ஒரு தடவ தடுக்குச்சு. கரண்டு போயிருச்சோன்னு மேல பாத்தா. ஃபேன் சுத்துது. பெட்டி மட்டும் கம்முனு இருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஸ்டடி அவர், வராண்டாவுல காக்கா கூட மிஸ்கிட்ட பாஸ் வாங்கிட்டுத்தான் கத்தணும். எதுத்த கட்டில்ல ரூபாவதி சுடிதார மடிக்கா, பையில வைக்கா, வெளிய எடுக்கா, மறுபடி மடிக்கா. நாலு மணிக்கு அவ அப்பா கூட்டிட்டுப் போக வாராரு. நாளைக்குக் காலைல அவளப் பாக்க மாப்பிள்ளை வீட்டுல இருந்து வாராங்க. அதே நாளைக்குக் காலைலதான் பாளையங்கோட்டை கிரவுண்ட்ல அவளுக்குப் போலீஸ் செலக்சன் ஓட்டம்.

இது வீட்டுக்குத் தெரியாது. எழுத்துப் பரிச்சை பாஸ் ஆனதும் தெரியாது, ஓட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கதும் தெரியாது. கோமதிக்கே சாப்புட்டு வந்த பொறவுதான் முழுசாத் தெரியும். அதுவும் ரூபாவதியா சொல்லல. அவளுக்குக் கொரல் தொண்டையத் தாண்டாது, ஈ கூட இதவிடச் சத்தமாப் பேசும். கோமதிதான் விடல. என்னட்டி முணுமுணுங்க, வாயத் தொறந்து மனுசி மாதிரி சொல்லுன்னு அவ தோளப் புடிச்சு ஆட்டி, அழ வச்சு, ஒவ்வொண்ணா வாங்குனா. அப்பா கூட பஸ்ஸ்டாண்டு வர போறது, பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டுப் பின்பக்கமா வந்து பாளையங்கோட்டை பஸ்ஸுல ஏறிடுறது, ராத்திரி சீனியர் அக்கா வீட்டுல படுத்துட்டுக் காலைல கிரவுண்டு. இதுதான் பிளான். இத ஒரு பிளான்னு மடிச்சுப் பையில வச்சிருக்கா. கோமதிக்குச் சுள்ளுனு ஏறிருச்சு. பொண்ணக் காணும்னு உங்கப்பா பஸ்ஸ்டாண்டு பூரா கத்திக்கிட்டு ஓடுவாரே, அத யோசிச்சியா, போலீஸுக்குச் சேரப்போற பொண்ணத் தேடிப் போலீஸ் வருமேன்னு, வக்கீல் மாதிரி, அவ சொன்ன ஒவ்வொண்ணையும் திருப்பிச் சத்தமாச் சொல்லிச் சொல்லிக் கிழிச்சா. பாளையங்கோட்டை. பாத்ரூம். சீனியர் அக்கா. எல்லாம் இந்தக் கதவுக்குக் கீழ நின்னுதான். அப்பம் முனகல் இருந்துச்சா? அந்தக் கேள்வி எங்க இருந்து வந்துச்சுன்னு அவளுக்கே தெரியல. வந்து பல்லுக்கு நடுவுல சிக்குன நார் மாதிரி நின்னுக்கிட்டு, நாக்கு அங்கயே போவுது. முனகல் இருந்துச்சா, இல்லையா. நாம கத்துனதுல எப்படித் தெரியும். ஏன், இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. முனகலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்.

மடியில புஸ்தகம் தொறந்தபடி கெடக்கு. ஸ்பீக்கர் படம். லேப் டெஸ்ட்டு வருது, கோமதி ரெண்டாம் வருசம் பிசிக்ஸு. ஒரு காந்தம், காந்தத்தோட இடுக்குல தலமுடி மொத்தத்துல செப்புக்கம்பி சுத்துன ஒரு சுருள், சுருளோட ஒட்டுன ஒரு காகிதக் கூம்பு. கரண்டு ஒரு பக்கமாப் போனா காந்தம் சுருள வெளிய தள்ளும், திரும்பிப் போனா உள்ள இழுக்கும். சுருள் போற பக்கம் காகிதமும் போவும், காகிதம் காத்தத் தள்ளும், தள்ளுன காத்து நம்ம காதுல வந்து முட்டும். அம்புட்டுத்தான் சங்கதி. வயருக்குள்ள சத்தம்னு ஒண்ணு கெடையவே கெடையாது, வயரக் கடிச்சுப் பாத்தாலும் மிஸ்ஸோட கொரல் வராது, அங்க முன்னும் பின்னும் ஓடுத கரண்டுதான் இருக்கு. சத்தம் காகிதம் ஆடும்போதுதான் பொறக்குது. ஸ்பீக்கர் கரண்ட சத்தமா மாத்துதுன்னு செல்வின் சார் போர்டுல எழுதுனப்பக் கூட அவ எந்திரிச்சா. சார், மாத்துதுன்னா எப்படி, மாவு தோசையா மாறுத மாதிரியா, அது காத்தத் தள்ளத்தான செய்யுதுன்னு கேட்டா. உக்காரும்மான்னாரு. உக்கார மாட்டேன், பதில் சொல்லுங்கன்னா. கிளாஸ் சிரிச்சுது. கோமதின்னா அதுதான, எதுக்கும் எந்திரிக்கும். சார் ஒத்துக்கிட்டாரு, ஆனா மொகம் சுண்டிப்போச்சு. போன வெள்ளிக்கெழமை லேப்புல அதுக்குத் தண்டனையும் கெடச்சுது. ஆம்ப்ளிஃபயர்ல ஸ்பீக்கர் வயரச் சொருகணும், அவ பக்கத்துல நின்ன கிளாஸ்மேட் கிறிஸ்டியோட வாய்ச்சண்டை போட்டுக்கிட்டே வயர மைக் சொருகுத ஓட்டையில சொருகிட்டா. சொருகிட்டு, அந்தச் செல்வின் ஒரு அரைவேக்காடுட்டி, படிச்சத அப்படியே வாந்தி எடுக்குதுன்னு கையில புடிச்சிருந்த ஸ்பீக்கர்கிட்ட மொகத்த வச்சுச் சொன்னா. லேப்போட அந்தக் கோடியில இருந்த இன்னொரு ஸ்பீக்கர் அத அட்சரம் பிசகாம எல்லாத்துக்கும் சொல்லிருச்சு. அரைவேக்காடு, வாந்தி உள்பட. சார் அங்கதான் நின்னாரு. அந்த வெக்கத்துல அவ வேற எதையும் யோசிக்கல. இப்ப மேல பாத்துக்கிட்டே இருக்கும்போது, கம்முனு இருக்க பெட்டியப் பாத்துக்கிட்டே இருக்கும்போது, அந்த லேப் ஸ்பீக்கர் ஞாபகத்துக்கு வருது. கரண்டு வந்தா காகிதம் ஆடும். காகிதத்த வேற யாராவது ஆட்டுனா? நம்ம கொரல் காத்தத் தள்ளி, காத்து காகிதத்தத் தள்ளி, காகிதம் சுருள ஆட்டி, காந்தத்துக்கு நடுவுல சுருள் ஆடுனா அதுவே கரண்டு குடுக்கும். அதே சாமான், ஒரு ஆணி கூட மாத்த வேண்டாம். எதுத்த பக்கம் வயர எங்க சொருகியிருக்காங்கங்கது மட்டுந்தான் கேள்வி.

எதுத்த பக்கம் எங்க சொருகியிருக்குன்னு இந்த ஹாஸ்டல்ல கோமதிக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும். திட்டு வாங்க அவ போன அளவுக்கு ஆபீஸ் ரூமுக்கு யாரு போயிருக்கா. மிஸ்ஸோட மேசைக்குப் பக்கத்துல ஒரு பலகை, பலகையில வரிசையா சுவிட்சு, ஒவ்வொண்ணுக்கும் ரூம் நம்பர். மேல தள்ளுனா ‘பேச’, கீழ தள்ளுனா ‘கேட்க’ன்னு செவப்புப் பெயிண்டுல யாரோ கையால எழுதியிருக்காங்க. அவ அத எத்தன தடவ பாத்திருக்கா. மிஸ்ஸு மூஞ்சியப் பாக்காம இருக்கதுக்கு வேற எதையாவது பாக்கணுமேன்னு அந்தப் பலகையத்தான் பாப்பா. ‘கேட்க’ங்கது எப்பவோ இருந்து இப்ப வேல செய்யாத சமாச்சாரம்னு நெனச்சிருந்தா, இந்தக் கட்டடத்துல வேல செய்யாத சமாச்சாரத்துக்கா பஞ்சம். ஆனா எழுத்து. இப்பத்தான் எழுத்து கண்ணு முன்னால வருது. ‘பேச’ வரிசை பளிச்சுனு இருக்கு. ‘கேட்க’ வரிசையில பெயிண்டு தேஞ்சு, வெரல் பட்டுப் பட்டு, பாதி எழுத்தக் காணும். வேல செய்யாத சுவிட்ச யாரு தொட்டா? சுவிட்சு மேல இருந்தா மிஸ்ஸோட மெசினு இந்தப் பெட்டியோட சேந்திருக்கும், அதான் முனகல். கீழ தள்ளுனா மெசினோட மூச்சு இங்க வராது, இங்க உள்ளதுதான் அங்க போவும். அப்பம் முனகுதவரைக்கும் அது வாய். முனகல் நின்னா காது.

ரெண்டு வருசம். அம்மா தாயே, ரெண்டு வருசமா இதுக்குக் கீழ என்னெல்லாம் பேசியிருக்கோம். மிஸ்ஸு நடக்கும்போது சாவிக்கொத்து இடுப்புல ஆடுமே, அத அவ வாயால செஞ்சு காட்டுவா, சளக் சளக், பெறவு மூக்கால பேசுவா, பொம்பளப் பிள்ளைங்களுக்கு மொட்டமாடி எதுக்குன்னு. பக்கத்து ரூமுல இருந்தெல்லாம் பாக்க வந்து விழுந்து விழுந்து சிரிக்கும் பிள்ளைங்க. கல்யாணம் ஆகாத கடுப்புட்டி, வேற என்னங்கான்னு ஒருநா சொன்னா. அதச் சொன்னது யாரு, இதே வாய்தான். அத நெனச்சதும் காதோரம் சுட்டுச்சு. கேட்டிருப்பாங்களா. கேட்டுட்டு மறுநா காலைல, கோமதி, சாம்பாருக்கு வரிசைல நில்லுன்னு அதே மொகத்தோட சொல்லியிருப்பாங்களா. மனுசங்களால அப்படி முடியுமா. இல்ல, எல்லாம் நம்ம கற்பன, பழைய கட்டடம், வயரு லூசா இருக்கும், முனகல் அப்பப்ப நிக்கத்தான செய்யும். சரி, அப்பம் பதினேழாம் ரூம் லில்லி? போன வருசம் ஒரு பையனோட மணப்பாடு கடற்கரைக்குப் போக அவ பிளான் போட்டா. போகக்கூட இல்ல, பேசத்தான் செஞ்சா. ரூமுக்குள்ள வச்சு. மறுநா சாயங்காலம் அவ அம்மாவும் மாமாவும் கேட்டுல நிக்காங்க. யாருட்டி போட்டுக்குடுத்ததுன்னு பதினேழாம் ரூம் பிள்ளைங்க ஒண்ணுக்கொண்ணு முடியப் புடிக்காத கொறை, கடைசில அந்த வாயில்லாப் பூச்சி நிஷாதான்னு முடிவு பண்ணி அவகூடப் பேச்சையே நிப்பாட்டுனாங்க. நிஷா இன்னும் தனியாத்தான் சாப்புடுதா. லில்லி திரும்பி வரவே இல்ல. அவ கட்டில்ல இப்ப வேற யாரோ. இப்பம் அதே சுவிட்சுல பாளையங்கோட்டையும் பாத்ரூமும் சீனியர் அக்காவும் எறங்கிப் போயிருந்துச்சுன்னா, நாலு மணிக்கு ரூபாவதி அப்பா வந்து உக்காந்ததும் மிஸ்ஸு மூக்கால ஆரம்பிப்பாங்க, உங்க பொண்ண பஸ்ஸ்டாண்டுல பத்தரமா பாத்துக்கோங்கன்னு. முடிஞ்சுது. ரூபாவதி கதை அங்கயே முடிஞ்சுது. அவ வாயில இருந்து புடுங்கிப் பெட்டிக்குப் போட்டது யாரு? நாந்தான்.

ரூபாவதி நிமிந்து பாத்தா. கோமதி ஒதட்டுல வெரல வச்சா. அவளுக்கு ஒண்ணும் புரியல, ஆனா எதுக்குன்னு கேக்கவும் மாட்டா, அதான் அவ கொணம். மறுபடி சுடிதார எடுத்தா. இவ அப்பாவும் இப்படித்தான். பிரைவேட் பஸ்ஸுல கண்டக்டர். நாள் பூரா ஸ்டாப்பு பேரக் கத்தி, உள்ள போங்க உள்ள போங்கன்னு கத்தி, வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்த கெடையாது. வாரப்ப எல்லாம் சீனி மிட்டாய் ரெண்டு பொட்டணம் வாங்கிட்டு வருவாரு, ஒண்ணு கோமதிக்கு. நல்லாப் படிக்கியாம்மான்னு கேப்பாரு, பதில முழுசா கேக்க மாட்டாரு, சரிம்மா சரிம்மான்னு எந்திரிச்சுருவாரு. கெட்டவருன்னா சண்டையாவது போடலாம். இந்த சரிம்மாவ வச்சுக்கிட்டு என்ன செய்ய. படிப்பு முடியட்டும்பான்னு ரூபாவதி ஒரு தடவ சொன்னாளாம். சரிம்மா, பாப்போம்னாராம். அந்தப் பாப்போம்தான் இன்னைக்கு நாலு மணிக்கு வருது.

காய்ச்சல். திடீர்னு காய்ச்சல் ஞாபகம் வந்துச்சு. மழக்காலத்துல ரூபாவதி காய்ச்சல்ல படுத்துக்கிட்டு யாருகிட்டயும் சொல்லாதட்டி, வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு கெஞ்சுனா. யாருகிட்டயும் சொல்லல. ஆனா சாயங்காலம் சமையல்கார அக்கா ரசஞ்சோத்தோட நின்னா, மிஸ்ஸு பதினாலாம் ரூமுக்குக் குடுக்கச் சொன்னாங்கன்னு. நாங்க என்ன நெனச்சோம், சாப்பாட்டு வரிசையில ஆளக் காணும்னு பாத்திருப்பாங்கன்னு நெனச்சோம். சரி, அது அப்படித்தான்னு வச்சுக்குவோம். உளுந்து? உளுந்துக்கு என்ன சொல்லுவ? மொத வருசம் கணக்குல ஃபெயிலுன்னு தெரிஞ்ச அன்னைக்கு, ரூபாவதி ஊருக்குப் போயிருந்தா, ரூமுல தனியா. தலகாணிய வாயில வச்சுக்கிட்டு அழுதா கோமதி. செத்துருவேன்னு சொன்னா. யாருகிட்டயும் இல்ல, செவுத்துக்கிட்ட. சும்மா சொல்லுததுதான், ஆனா சும்மா சொல்லல, அன்னைக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு, மொட்டமாடிக் கதவு தொறந்திருக்கான்னு கூட ஒரு நெனப்பு வந்துட்டுப் போச்சு. அப்ப பெட்டி கத்துச்சு. பதினாலு கோமதி, ஒடனே கீழ வா. போனா, கிச்சன்ல ஒரு தாம்பாளம் நெறைய உளுந்து. கல்லு பொறுக்குன்னாங்க மிஸ்ஸு. நானா, எதுக்குன்னா. நேத்து வராண்டாவுல ஓடுனல்ல, அதுக்குன்னாங்க. பொறுக்குனா. முடிச்சா, துவரம்பருப்பு வந்துச்சு. அது முடிஞ்சா, பாசிப்பயறு. மிஸ்ஸு பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, இது கல்லு தெரியலையா, கண்ணு எங்க இருக்குன்னு திட்டிக்கிட்டே இருந்தாங்க. ராத்திரி படுக்கதுக்கு, ரூமுல தனியாப் படுக்கக்கூடாது ரூல்ஸ் இருக்குன்னு பக்கத்து ரூமுக்கு அனுப்புனாங்க. அப்படி ஒரு ரூல்ஸ நோட்டீஸ் போர்டுல அவ பாத்ததே இல்ல. அன்னைக்கு அந்தக் கெழவி மேல வந்த ஆத்திரத்துல சாவே மறந்துபோச்சு. இப்பம் கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. கல்லே இல்ல. அந்த உளுந்துல கல்லே இல்ல, சுத்தம் பண்ணுன உளுந்து அது, கடையில பாக்கெட் போட்டு வந்தது. அன்னைக்கே அத கவனிச்சு, இந்தக் கெழவிக்குப் பைத்தியம்னு, ஊருல இருந்து திரும்பி வந்த ரூபாவதிகிட்ட சொல்லிச் சிரிச்சா. இதே எடத்துல நின்னு. அதையும் கேட்டிருப்பாங்க.

கண்ணு கலங்குச்சு, கலங்குன ஒடனே கோவமும் வந்துச்சு. நல்லா இருக்கே நியாயம். என்னையக் காப்பாத்துனீங்க, சரி. அதுக்காக நாங்க தூங்கும்போது பேசுதது, கக்கூஸ் போற கத, மாச வலி, எங்க வீட்டு அசிங்கம் எல்லாத்தையும் உக்காந்து கேக்கலாமா? யாரு சொன்னா கேக்கச் சொல்லி? என்னையக் காப்பாத்துன காதுதான லில்லியக் காட்டியும் குடுத்துச்சு. நிஷாவ ஊமையாக்குச்சு. நல்லது செஞ்சா திருட்டுக் காது நல்ல காதாயிருமா. மிஸ்ஸு இப்ப எதுக்க இருந்தா இதக் கேட்டிருப்பா, மேசையில தட்டிக் கேட்டிருப்பா. அவங்க என்ன சொல்லுவாங்க? உங்களெல்லாம் உயிரோட திருப்பிக் குடுக்கணுமே உங்க அம்மா அப்பாகிட்டன்னு சொல்லுவாங்களோ. சொன்னா அதுக்கு நாம என்ன சொல்ல. கதவத் தட்டி உள்ள வந்து என்னட்டி அழுதேன்னு கேட்டிருக்கலாமேன்னு சொல்லலாம். கேட்டிருந்தா சொல்லியிருப்பியா? சொல்லியிருக்க மாட்டேன். உங்களுக்கென்னன்னு கேட்டு அனுப்பியிருப்பேன். மனசு அங்கயே சுத்துது. உளுந்து, லில்லி. லில்லி, உளுந்து. ஒரு பக்கம் தள்ளுது, மறுபக்கம் இழுக்குது. கேட்டுக்குப் பக்கத்துல பைக் சத்தம். ஜன்னலுக்கு ஓடிப் பாத்தா, தண்ணி கேன்காரன் வண்டி. நாலு ஆகப்போவுது. முனகல் இன்னும் வரல. அப்பம் இப்பக் கூட. இந்த நிமிசம் கூட மிஸ்ஸு மேசையில கைய ஊணிக்கிட்டு, பதினாலு ஏன் இம்புட்டு அமைதியா இருக்குன்னு யோசிச்சுக்கிட்டு.

எந்திரிச்சுப் போயி ரூபாவதி பக்கத்துல உக்காந்து, அவ காதுக்குள்ள வாய வச்சுக் கேட்டா.

"காலைல இருட்டுல தண்ணி டேங்கைச் சுத்தி ஓடுதியே, பின்வாசக் கதவ யாருட்டி தொறந்துவிடுதா?"

"யாரும் இல்ல. அது தொறந்துதான் கெடக்கும்."

"எப்ப இருந்து?"

ரூபாவதி யோசிச்சா. ஓட எடம் இல்லையேன்னு ஒருநா உங்கிட்ட பொலம்புனேம்லா, அதுக்கு அடுத்த நாள்ல இருந்துன்னா. வாட்ச்மேன் தாத்தா பூட்ட மறந்துட்டாருன்னு நெனச்சேன்னா. தெனமுமாட்டி மறப்பாருன்னு கோமதி கேக்கல. அந்த டேங்குகிட்ட இப்பல்லாம் ஒரு டியூப்லைட்டும் எரியுது. அது ரொம்ப நாளா எரியாம கெடந்த லைட்டு.

கதவ ஒட்டிக் கெடக்க தன் கட்டில்ல செருப்போடயே ஏறுனா. கட்டில் கிரீச்சுனுச்சு, செருப்பு கம்பியில டக்குனு தட்டுச்சு. ரூபாவதி வாயப் பொத்திக்கிட்டுப் பாக்கா, இவளுக்கு என்ன புடிச்சுதுன்னு. பெட்டியோட துணி மூக்குக்கு நேர, தூசி வாசனையும் பழைய கோந்து வாசனையும். துணிக்குப் பின்னால காகிதம் இருக்கும், மெல்லிசா, நம்ம மூச்சுக்கே ஆடுத காகிதம். கத்தணும்போல இருக்கு. தொண்ட வர வந்து நிக்குது, நீங்க யாரு மிஸ் எங்க பேச்சக் கேக்கன்னு. வெள்ளிக்கெழமை லேப்புல வாய விட்டு மாட்டுனவ அவதான். ரொம்பத் தள்ளுனா காகிதம் கிழிஞ்சுரும், கிழிஞ்சா கரகரன்னு ஒரு எழவுதான் கேக்கும், வார்த்த கேக்காதுன்னு செல்வின் சார் சொன்னாரு, அன்னைக்கு அவ எதுத்துப் பேசாத ஒரே விசயம் அது. கைய செவுத்துல ஊணிக்கிட்டா. அவ வாழ்க்கையில இவ்வளவு சன்னமா யாருகிட்டயும் பேசுனது இல்ல.

"மிஸ். பதினாலு கோமதி பேசுதேன். நீங்க கேக்கீங்கன்னு தெரியும். எல்லாம் கேட்டிருப்பீங்க. அவளுக்கு நாளைக்குக் காலைல ஓட்டம் மிஸ். பஸ்ஸ்டாண்டு பிளான விட்டுருவா, நான் விட வைக்கேன், அவ அப்பாவ அப்படி அலைய விட மாட்டா. நீங்க இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அவள வீட்டுக்கு அனுப்பாதீங்க. ஓடி முடிச்ச பொறவு அவளே அவ அப்பாகிட்ட சொல்லுவா. நான் கூட இருப்பேன்."

சொல்லி முடிச்சதும் எல்லாம் முட்டாள்தனமாப் பட்டுச்சு. ஒரு மரப்பெட்டிகிட்ட கெஞ்சிக்கிட்டு நிக்கா. அவ சொன்னது காத்தத் தள்ளியிருக்கும், காகிதம் துளி ஆடியிருக்கும், சுருள் நடுங்கியிருக்கும், அந்த நடுக்கம் செவுத்தோட எறங்கி, மாடிப்படி வளைவுல திரும்பி, கிச்சன் பக்கமாப் போயி, சாவிக்கொத்து ஆடுத மேசைக்குப் போயிருக்கும். இல்லாட்டி எங்கயும் போயிருக்காது. மிஸ்ஸு மத்தியானத் தூக்கத்துல இருப்பாங்க, சுவிட்சு தானா கீழ எறங்கியிருக்கும், நாளைக்கு லேப்புல கிறிஸ்டிகிட்ட சொல்லிச் சிரிக்க ஒரு கத. பெட்டி பேசல. முனகவும் இல்ல. ரூபாவதி கையில சுடிதார வச்சுக்கிட்டு அழுதா, சத்தமில்லாம, பெட்டிக்கும் கேக்காத அழுக. கேட்டுல ஹார்ன் அடிச்சுது. ஆட்டோ. ஜன்னல் வழியா பாத்தா, கண்டக்டர் காக்கிச் சட்டைய மாத்திட்டு வெள்ளச் சட்டையில, கையில மிட்டாய்ப் பொட்டணத்தோட எறங்குதாரு. எண்ணெய் தேச்சு வாரியிருக்காரு. வாட்ச்மேன்கிட்ட கும்புடு போடுதாரு. பாவமா இருந்துச்சு. அவரப் பாத்தும் பாவமா இருக்கே, என்ன எழவு இதுன்னு கோமதிக்கு ஆத்திரமா வந்துச்சு. உள்ள போனாரு. ஆபீஸ் ரூமுக்குத்தான் மொதல்ல போகணும், பாஸ்ல கையெழுத்து வாங்க. அங்க இப்ப என்ன பேச்சு நடக்குது. நமக்கு ஒரு பெட்டி இல்லையே, அங்க நடக்கதக் கேக்க நமக்கு ஒண்ணும் இல்லையே. அங்க இருந்து இங்க கேக்கலாம், இங்க இருந்து அங்க கேக்க முடியாது, அதான மிஸ் தப்பு, அதத்தான நான் சொல்லுதேன்.

ங்ங்ங். முனகல் வந்துச்சு. வராண்டா பூரா எல்லாப் பெட்டியும் ஒண்ணாத் தொண்டையச் செருமுச்சு. மூக்குக் கொரல், எப்பவும் போல, மழைக்கும் வெயிலுக்கும் ஒரே மாதிரி இருக்க கொரல்.

"எல்லாரும் கவனிக்க. நாளைக்குக் காலைல மாடி ரூம் எல்லாத்துக்கும் இன்ஸ்பெக்சன். மாடிப் பிள்ளைங்க யாருக்கும் இன்னைக்கு வீட்டுக்குப் போக பாஸ் கெடையாது. வந்திருக்க பெற்றோர் விசிட்டர் ஹால்ல பிள்ளைங்களப் பாத்துட்டுப் போலாம்."

பக்கத்து ரூம்கள்ல இருந்து ஐயோன்னு ஒரு அலை எழும்புச்சு. யாரோ சாவிக்கொத்துன்னு திட்டுனா, யாரோ வீட்டுக்குப் போயி சினிமா பாக்க இருந்தேம்ட்டின்னு பொலம்புனா. ரூபாவதி எந்திரிச்சு நின்னுட்டா. பையில இருந்து சுடிதார எடுத்துக் கட்டில்ல போட்டா, அடியில இருந்து கேன்வாஸ் ஷூவ எடுத்தா, எதுக்கு எடுத்தோம்னு தெரியாம கையிலயே வச்சிருந்தா. பெறவு மொகத்தக் கழுவிட்டு அப்பாவப் பாக்கப் போனா. கதவச் சாத்தும்போது திரும்பிப் பாத்தா, கோமதிய இல்ல, மேல. ஒரு காலைப் பொழுது கெடச்சிருக்கு, இருட்டோட பின்வாசக் கதவும் தொறந்துதான் கெடக்கும், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள வேற நாள் வரச் சொல்லி அவ அப்பா இப்பவே போன் போட்டுக்கிட்டு இருப்பாரு, சரிங்க சரிங்கன்னு. ஓட்டத்துல அவ தோக்கவும் செய்யலாம். அந்தச் சண்டையெல்லாம் அங்கயேதான் இருக்கு. கோமதி இன்னும் கட்டில் மேலயே நிக்கா, எறங்கணும்னு தோணல. வராண்டாவுல பொலம்பல் அடங்குச்சு. அப்பம் அவ ரூம் பெட்டி மட்டும், மத்தது எல்லாம் கம்முனு இருக்க, மெதுவாக் கரகரத்துச்சு.

"பதினாலு. கட்டில் மேல செருப்போட ஏறக்கூடாதுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு."

முனகல் நின்னுச்சு. சிரிப்பு வந்துச்சு, சிரிச்சா அழுதுருவோம்னு பயமாவும் இருந்துச்சு. செருப்பக் கழட்டி, எறங்கி, தரையில வெறுங்காலோட நின்னா. சிமெண்டு சில்லுனு இருந்துச்சு. அங்க அந்த மேசையில ஒரு மூச்சு காத்துக்கிட்டு இருக்குன்னு அவளுக்குத் தெரியும், இவ இப்ப தேங்க்ஸ்னு சொல்லுவான்னு காத்துக்கிட்டு இருக்கலாம். எங்கயும் ஏற வேண்டாம், கிட்ட போகவும் வேண்டாம், ரூமுல இருந்து பேசுனாலே போதும், ரெண்டு வருசமாப் போதும்.

"தேங்க்ஸ் மிஸ்," அப்படின்னா. "நாளைக்குச் சாயங்காலம் உங்க ரூமுக்கு வாரேன். சண்டை போடத்தான். நிஷாவையும் கூட்டிட்டு வாரேன்."

செருப்ப எடுத்துக் கதவோரம் வச்சா. பெறவு, கீழ யாரோ ஒரு சுவிட்ச மெதுவா மேல தள்ளுனாங்க, பெட்டி ங்ங்ங்னு முனக ஆரம்பிச்சுது.